நடுவில் நிற்கும் குரல்

நான் தட்டிப் பார்க்காத டைலை எங்கள் கூட்டத்தில் யாரும் முடிந்த வேலை என்று சொல்வதில்லை. கொத்துக் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் மரப்பிடியால் ஒவ்வொரு டைலிலும் ஐந்து இடத்தில் தட்டுவேன். நான்கு மூலை, ஒரு நடு. அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் சத்தம் தரையோடு போய்விடும். எங்காவது காற்று நின்றிருந்தால் சத்தம் கொஞ்சம் எழும்பி மேலே நிற்கும். அப்படிப்பட்ட டைலைக் கன்னடத்தில் டொள்ளு என்பார்கள். சொந்த ஊரான மார்டள்ளியிலிருந்து மைசூருக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் எங்களுக்கும் அதுவே வார்த்தையாகிவிட்டது. டொள்ளு டைலில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்டதைப் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். வட்டம் இல்லாத டைல் நான் கொடுத்த வாக்கு.

மற்ற வேலைகளில் என்னைவிடக் கைதேர்ந்தவர்கள் உண்டு. என் மனைவி கனகாவின் தம்பி கந்தசாமி வளைவு வெட்டினால் வாழையிலை வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும். என்னால் அது முடியாது. ஆனால் காது என்னுடையது. அதனால்தான் நான் மேஸ்திரி.

போன மாதம் போகாதியில் ஒரு வீடு. தட்டி முடித்து, வட்டம் போட்டவை எல்லாம் மாற்றியாகி, நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரின் இஞ்சினியர் ஒரு பிரம்போடு வந்தார். ஹாலின் இடது ஓரம், சமையலறை வாசலை ஒட்டி வரிசையாக மூன்று டைல். மூன்றும் டொள்ளு. அவர் தட்டும்போது நான் குழாயடியில் நின்றிருந்தேன். எனக்குக் கேட்டதா இல்லையா என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“ஏன் மேஸ்திரி, கிவி ஹோய்தா?” என்றார். காது போய்விட்டதா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து எனக்கு என் இடது காதின்மேல் நம்பிக்கை இல்லை. கட்டிங் மெஷினை நான் பிடிக்கும் விதத்தில் இடது காதுதான் எப்போதும் அதற்குக் கிட்டே இருக்கும். பத்தொன்பது வருஷம். வெட்டி முடித்த பிறகு அந்தக் காதில் மட்டும் ஒரு சீழ்க்கை கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் அதை நான் பொருட்படுத்தியதில்லை. இப்போது போனை வலது காதில்தான் வைக்கிறேன். டிவி சத்தத்தைக் கூட்டுகிறேன். ஹெப்பாளில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் எல்லாவற்றுக்கும் பொதுச் சுவர்.

“மாமா டிவி வெச்சா பக்கத்து ஊட்டுக்காரன் ரீசார்ஜே பண்ண வேண்டாமாட்ட இருக்குது,” என்றான் கந்தசாமி.

கனகா சிரிக்கவில்லை. “காது டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்தா என்னுங்க?” என்று கேட்டாள்.

நான் போகவில்லை. டாக்டர் சொல்லாதவரை அது சந்தேகம் மட்டுமே. சொல்லிவிட்டால் காது போன மேஸ்திரி என்றாகிவிடும். அப்புறமும் டைல் ஒட்டலாம், கலவை போடலாம், வயிறு நிறையும். ஆனால் தரையில் வட்டம் போடும் கை இன்னொருவனுடையதாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்க என்னால் முடியுமா என்று யோசித்தேன். யோசித்த ஒவ்வொரு முறையும் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். பேச ஆள் இல்லாதபோதும் திருப்பினேன்.

இந்த நிலையில்தான் சரஸ்வதிபுரத்தில் சேஷு சாரின் வீட்டு மாடியறை வேலை வந்தது.

சேஷு சார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் ரயில்வேதான். பாட்டு கேட்பதற்கென்றே மாடியில் ஓர் அறையைத் தயார் செய்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே முதல் இரண்டு வரிசையைத் தட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“என்ன கேக்கறீங்க அங்க?”

“சத்தம் நிக்குதா போவுதான்னு பாக்கறனுங்க சார்.”

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே. எல்லாம் டொக் டொக்தான்.”

“பழகுனா தெரியுமுங்க.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஒரு டைலில் வட்டம் போட்டேன். அதைப் பார்த்தார். பிறகு, “செல்லக்கண்ணு, கீழ வாங்கோ. ஒரு சின்ன ஹெல்ப்,” என்றார்.

கீழே ஹாலில் பட்டுத்துணி விரித்த மேஜைமேல் இரண்டு பெட்டிகள் திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்ஃபோன். ஒன்று முழுக்கக் கறுப்பு. மற்றதில் காதை மூடும் கிண்ணங்கள் மரத்தால் செய்யப்பட்டிருந்தன. தேக்கைவிடக் கருத்த மரம், ரேகை ஓடி, மெருகு போட்டது. பெங்களூரில் ஒரு கடைக்காரர் இரண்டையும் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை ஆள் வருவான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விலையை அவர் சொன்னார். நான் என் பைக்கை நினைத்துக்கொண்டேன்.

“எனக்கு என்னங்க தெரியும் சார் இதுல?”

“அதுக்குத்தான் கூப்பிட்டேன். இதெல்லாம் கேட்டே பழகாத காது வேணும். நான் பத்து நாளா கேக்கறேன். அதுக்கு முன்னாடி மூணு மாசம் இதைப் பத்திப் படிச்சேன். படிச்சவன் காது படிச்சதைத்தான் கேக்கும்.”

“என்னைத்தான் முதல்ல கேட்டார்,” என்றார் அவருடைய மனைவி காமாக்ஷி அம்மா, சமையலறையிலிருந்து. “ரெண்டும் ஒரே தலைவலின்னு சொல்லிட்டேன். அதான் உங்களைப் பிடிச்சிருக்கார்.”

என் தலை முழுக்கச் சிமெண்ட் தூசி. அதைச் சொன்னேன். சார் உள்ளே போய் ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தார். முகம் கழுவி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். மர ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்தார். நினைத்ததைவிட எடை இருந்தது. கை சும்மா இருக்குமா? கிண்ணத்தின் முதுகில் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

சேஷு சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “ஐயோ, தட்டப்படாது. அது டைல்ஸ் இல்லை.”

“தட்டட்டுமே. அவர் வேலை அது,” என்றார் காமாக்ஷி அம்மா.

அவசரமாக மாட்டிக்கொண்டேன். மாட்டியதும் தெருவில் ஆட்டோ போவது நின்றது. குக்கர் நின்றது. மாடியில் கந்தசாமி வாளியை இழுப்பது நின்றது. அதற்கு முன் நான் கேட்டிராத ஓர் அமைதி அது. ராத்திரி ஊரில் இருக்கும் அமைதிகூட இப்படி இல்லை, அதில் பூச்சிகள் உண்டு. பாட்டு வராமலே போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. பிறகு தம்புரா தொடங்கியது. அப்புறம் ஒரு பெண்ணின் குரல்.

குரல் என் வலது பக்கத்தில் இருந்தது.

முழுக்க வலது பக்கம் என்று சொல்ல முடியாது. நெற்றிக்கு நேராக இல்லாமல், வலது புருவம் முடியும் இடத்துக்கு வெளியே நின்று அவள் பாடினாள். தலையை அசைத்துப் பார்த்தேன். கிண்ணங்களை நகர்த்தி வைத்தேன். அவள் அங்கேயே நின்றாள்.

சார் அதைக் கழற்றிவிட்டுக் கறுப்பை மாட்டினார். அதே பாட்டு, அதே குரல். இப்போது நெற்றிக்கு நேராக, நடுவில் இருந்தாள்.

கழற்றியதும் சார் கேட்டார். “பாடறவ எங்க நிக்கறா, அதை மட்டும் சொல்லுங்கோ.”

துண்டின் முடிச்சைச் சரிசெய்தேன். நான் யோசிப்பதாக நினைத்து அவரே சொல்லத் தொடங்கினார். “இது அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரே மைக்குல எடுத்த பதிவு. இதுல இடது வலதுன்னு ஒண்ணும் கிடையாது. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் போறது. அதனால அவ நடுவுலதான் நின்னாகணும். மரத்துல பாருங்கோ, நெத்திக்கு நேரா நிக்கறா. கறுப்புல கொஞ்சம் இடது பக்கம் போயிடறா. பத்து நாளா அப்படியேதான். இல்லையா?”

அவர் முப்பத்தைந்து வருஷம் சிக்னல் பார்த்தவர். பத்து நாள் கேட்டவர். நான் பத்து நிமிஷம் கேட்டவன், அதுவும் தலையில் துண்டோடு. அவருக்கு மரத்தில் நடுவில் நிற்கும் குரல் எனக்கு வலது பக்கம் போகிறது. அவருக்குக் கறுப்பில் இடது பக்கம் நிற்கும் குரல் எனக்கு நடுவுக்கு வந்துவிடுகிறது. இரண்டிலும் அவர் சொல்லும் இடத்தைவிட எனக்கு வலது பக்கமாகத் தள்ளியே கேட்கிறது. என் இடது காது பாதிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? டாக்டரிடம் போகாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டதை, பட்டுத்துணி விரித்த மேஜையில் வைத்து எனக்குக் காட்டிவிட்டார்கள்.

“ஆமாங்க சார்,” என்றேன். “மரந்தானுங்க நல்லா இருக்குது. நடுவுலதான் நிக்குது.”

“நோடு காமாக்ஷி, பாரு,” என்று சார் உள்ளே பார்த்துச் சொன்னார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எதுவும் தெரியாத காதுக்கே தெரியறது.”

துண்டை அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். நான் இதுவரை ஒரு டொள்ளு டைலையும் தெரிந்தே விட்டதில்லை. அன்று முதல்முறையாக, கேட்ட ஒன்றைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் யாரிடமும் அதிகம் பேசவில்லை. நான் சாதாரணமாகவே பேசுகிறவன் இல்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வொரு டைலையும் இரண்டு முறை தட்டினேன். இரண்டாவது முறை வலது காதைத் தரைக்குக் கொடுத்து, கன்னம் படாத குறையாகக் குனிந்தேன்.

“தரைகிட்ட ரகசியம் பேசறீங்களாட்ட இருக்குது,” என்றான் கந்தசாமி. நான் அடுத்த டைலுக்கு நகர்ந்ததைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். ஏதோ சொல்ல வந்தவன்போல் இருந்தது. பிறகு கலவைச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சேஷு சாரைப் படிக்கட்டில் பார்த்தால் எனக்கு வேறு பயம். என் பேச்சை நம்பி அவர் ஒன்றை வைத்துக்கொள்ளப் போகிறார். காது கெட்டவன் சொன்ன சாட்சி அது. அவர் சொன்னதையே நான் திருப்பிச் சொன்னதால் கெடுதல் ஒன்றுமில்லை என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். அது சமாதானம் ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, அறையின் வாசற்படியில் கடைசி வரிசை. கந்தசாமி டைலை வைத்து, ரசமட்டத்தை அதன்மேல் குறுக்காக வைத்தான். ரசமட்டம் என்பது நடுவில் கண்ணாடிக் குழாய் வைத்த ஒரு நீளக் கட்டை. குழாய்க்குள் திரவத்தில் ஒரு குமிழி மிதக்கும். தரை சமமாக இருந்தால் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கும். இப்போது இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

“நான் வெச்ச தரை சாயாது மாமா,” என்றான் அவன். “மட்டந்தான் கெட்டுப்போச்சு. நேத்து படிக்கட்டுல உழுந்துதில்ல?”

“திருப்பி வெய்யி,” என்றேன்.

இதை நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். எங்கள் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மட்டத்தின்மேல் சந்தேகம் வந்தால் அதே இடத்தில் முனை மாற்றி வைக்க வேண்டும். குமிழியும் பக்கம் மாறினால் மட்டம் கெட்டிருக்கிறது. பக்கம் மாறாமல் அதே இடது பக்கம் நின்றால் மட்டத்தின்மேல் குற்றமில்லை, தரைதான் சாய்ந்திருக்கிறது.

கந்தசாமி முனை மாற்றி வைத்தான். குமிழி மறுபடி இடது பக்கமே போய் நின்றது.

“தரைதான்,” என்றான். “சரி, உடுங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

அவன் டைலைத் தூக்கி அடியில் கலவை தள்ளினான். நான் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருப்பி வெய்யி. வாயால் சொன்ன வார்த்தை காதுக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆனது. இரண்டு நாளாக என் காதைப் பற்றி மட்டுமே யோசித்தேன். ஹெட்ஃபோனும் ஒரு மட்டம்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு விலையுள்ள சாமான், மெருகு போட்ட மரம், பட்டுத்துணி, படித்த மனிதர். கெட்டது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முதல் நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

கையைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கினேன். சார் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“சார், செவ்வாக்கெழமை நான் பொய் சொன்னனுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்ன பொய்?”

“மரத்துல அந்தம்மா நடுவுல நிக்கலீங்க. எனக்கு வலது பக்கம் கேட்டுது. கறுப்புலதானுங்க நடுவுல நின்னாங்க. நீங்க வேற மாதிரி சொன்னீங்க, என் காதுதான் போயிருச்சுன்னு நெனச்சு உங்க பேச்சுக்குத் தலையாட்டிட்டேன்.”

அவருக்குக் கோபம் வந்ததா என்று தெரியவில்லை. “இப்போ என்ன?” என்றார்.

“இன்னொருவாட்டி கேக்கணுமுங்க. ரெண்டையும் ஒருக்கா நேரா, ஒருக்கா பக்கம் மாத்தி.”

“பக்கம் மாத்தியா?” என்றவர் பாதியில் நிறுத்தினார். சிக்னல் வேலை பார்த்தவர் அல்லவா. எழுந்து போய்த் துண்டை எடுத்து வந்தார்.

முதலில் மரம், நேராக. குரல் வலது பக்கம். செவ்வாய்க்கிழமை நின்ற அதே இடம். கழற்றி, இடது கிண்ணம் வலது காதுக்கு வரும்படி மாற்றி மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன். காது கெட்டிருந்தால் அவள் வலது பக்கத்தை விட்டு நகரக் கூடாது. மட்டம் கெட்டிருந்தால் நகர வேண்டும். தம்புரா தொடங்குவதற்கு முன் இருந்த அமைதி இந்த முறை நீளமாக இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. என் வேலை முழுவதும் அந்த அமைதிக்குள் உட்கார்ந்திருந்தது.

அவள் பாடினாள். இடது பக்கத்தில்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வேலையைப் பாதியில் விடும் பழக்கம் இல்லை. கறுப்பை நேராக மாட்டினேன். நடு. மாற்றி மாட்டினேன். நடு. நெற்றிக்கு நேராக, ஒரு நூல் அளவு விலகாமல். என் இடது காதுக்கும் வலது காதுக்கும் சமதூரத்தில் அந்த அம்மாள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். பாட்டின் அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டு முடியும்வரை கழற்றவில்லை. சாரும் கழற்றச் சொல்லவில்லை.

“மரத்துல இடது கிண்ணம் சத்தம் கம்மிங்க சார்,” என்றேன், கழற்றியபின். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. “காது இல்லீங்க. மட்டந்தான்.”

“எனக்கு அது நடுவுலதானே கேக்கறது?”

“நீங்களும் மாத்தி மாட்டிப் பாருங்க சார்.”

அவர் உட்கார்ந்து மாட்டினார். மரத்தை நேராக. தலையாட்டினார், நடு. மாற்றி மாட்டினார். பாட்டு தொடங்கிய உடனே அவருடைய இடது கை தானாக மேலே எழுந்து இடது காதுக்குப் போனது. குரல் முழுக்க அந்தப் பக்கம் ஓடிவிட்டது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. பிறகு கறுப்பு. நேராக மாட்டி, “இடது,” என்றார். மாற்றி மாட்டினார். ரொம்ப நேரம் கேட்டார்.

“இடது,” என்றார் மறுபடி. மெதுவாக.

குமிழி பக்கம் மாறவில்லை. அவருடைய வலது காது கொஞ்சம் மந்தம். மர ஹெட்ஃபோனில் இடது பக்கம் குறை. இரண்டு குறையும் ஒன்றையொன்று சரிக்கட்டி அவருக்கு மட்டும் அதை நடுவில் நிறுத்தி வைத்திருந்தன. அதனால்தான் அவர் அதை அத்தனை விரும்பினார்.

ஹெட்ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு அவர் இரண்டு கிண்ணங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மாடியில் கந்தசாமி ரப்பர் சுத்தியலால் டைலை அமர்த்தும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

காமாக்ஷி அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“மூணு வருஷமா நான் இதைத்தான் சொல்றேன். வலது பக்கம் நின்னு கூப்பிட்டா இவர் திரும்பறதே இல்லை. வேணும்னே பண்றார்னு நெனச்சேன்.”

“நானும் நீ வேணும்னே மெதுவா பேசறேன்னு நெனச்சேன்,” என்றார் சார்.

அம்மா சிரித்தார். கொஞ்சம் பொறுத்து அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “இந்த யோசனை எங்கேர்ந்து வந்தது?” என்று கேட்டார்.

“ரசமட்டத்த இப்படித்தானுங்க பாப்போம்.”

“நான் முப்பத்தஞ்சு வருஷம் கம்பியை மாத்தி மாத்தித்தான் ஃபால்ட் தேடினேன்,” என்றார். “என் தலையில மாட்டினதை மாத்திப் பார்க்கத் தோணலை.”

மாடிக்கு ஏறும்போது படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். நாற்பத்து நான்கு வயதில் அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நடுப்படியிலேயே வேறொரு கேள்வி என்னைப் பிடித்து நிறுத்தியது. என் காது சரி என்றால், போகாதியில் அந்த மூன்று டைல்?

கந்தசாமி வாசற்படியில் உட்கார்ந்து இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். “போகாதில அந்த மூணு டைலு,” என்றேன். “நான் தட்டுனது அது இல்ல.”

அவன் துணியைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“அக்காகிட்ட சொல்லிராதீங்க மாமா. நீங்க தட்டி முடிச்சு டீ குடிக்கப் போனப்ப பைப் மாட்டறவன் ஸ்பேனரப் போட்டு மூணையும் சில்லு தெறிக்க வெச்சுட்டான். நான்தான் அவசரத்துல மாத்தி ஒட்டுனேன்.”

“ஏண்டா சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்த ஆளு காது போச்சான்னு கேட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. அப்பறம் எப்படிச் சொல்றது?”

எனக்கு அவன்மேல் கோபம் வர வேண்டும். ஒரு மாதம். வந்திருந்தால் நியாயம். ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? செவ்வாய்க்கிழமை துண்டைக் கட்டிக்கொண்டு தலையாட்டியவன்தானே. “இனி மாத்துனா என்னையக் கூப்புடு,” என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை கடைக்காரரின் ஆள் வந்து மரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். சார் கடைக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இடது காதில் வைத்திருந்தார். நான் படிக்கட்டில் சிமெண்ட் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“இல்லை, நான் கண்டுபிடிக்கலை. எங்க வீட்டு மாடியில டைல்ஸ் போடற மேஸ்திரி. ஆமாம், மேஸ்திரி. பேரா? செல்லக்கண்ணு. எழுதிக்கோங்கோ. உங்க ஆளுங்க பெட்டியில போடறதுக்கு முன்னாடி பக்கம் மாத்தி மாட்டிப் பார்க்கணும்னு அவர் சொன்னதாச் சொல்லுங்கோ.”

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் மறுக்கப் போகவில்லை. சுரண்டிய இடத்தையே இன்னொரு முறை சுரண்டினேன்.

கறுப்பு ஹெட்ஃபோன் அவரிடம் இருக்கிறது. வலது பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்கிறாராம், அந்தம்மாள் நடுவுக்கு வந்துவிட்டாள். திங்கட்கிழமை காது டாக்டரைப் பார்க்கப் போகிறார். நானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வெட்டியபிறகு வரும் சீழ்க்கை எனக்கு இன்னும் இருக்கிறது. அதை என்னவென்று கேட்டுக்கொள்ள இப்போது பயமில்லை.

மத்தியானம் மாடியறை முடிந்தது. கலவை காயக் காயச் சில இடத்தில் விட்டுப்போகும் என்பதால், கடைசியாக ஒருமுறை எல்லா டைலையும் தட்டுவது வழக்கம். கரண்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் மூலையிலிருந்து தொடங்கினேன். சாரும் அம்மாவும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். கந்தசாமி சுவரோரம் நின்றான். ஒரு டைலுக்கு ஐந்து இடம், ஒரு முறை மட்டும். குனியவில்லை, வலது காதைக் கொடுக்கவில்லை. முட்டி போட்டு, முதுகை நிமிர்த்தி, இரண்டு காதாலும் கேட்டேன்.

ஏழாவது வரிசையில், கதவிலிருந்து மூன்றாவது டைல். நான்கு மூலையும் தரையோடு போனது. நடுவில் தட்டியபோது சத்தம் போகாமல் ஒரு கணம் நின்றது. ஓர் உள்ளங்கை அளவு காற்று இருக்கலாம். மறுபடி தட்டவில்லை. பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து வட்டம் போட்டேன்.

அது கந்தசாமி ஒட்டிய டைல். அவன் என்னைப் பார்த்தான், வட்டத்தைப் பார்த்தான். உளியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.